தட்டினால் ஏறும் பெட்ரோல்

தட்டிக் கேட்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு, ஊருக்கு நல்லது. தட்டிக் கொடுப்பவர்கள் உண்டு, வேலை நடக்கும். தட்டிக் கழிப்பவர்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், ஒரே ஒரு கையெழுத்துக்காக ஏதாவதோர் அலுவலகத்தில் போய் நின்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். இவர்களுக்கு நடுவே சத்தமில்லாமல் பெருகிவரும் நான்காவது இனம்தான் தட்டிப் பார்ப்பவர்கள். அந்த இனத்தின் திலகத்தைத் தெருவில் எல்லோரும் ‘மீட்டர் சார்’ என்பார்கள்.

பழைய கார்களிலிருந்து கழற்றிய மீட்டர் என்றால் சாருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் கடையில் குந்தி உட்கார்ந்து, துருக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, கண்ணாடி உடையாத ஒன்றை உருவி எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, காதோரம் வைத்து ஆட்டி, “இது தண்ணியில முழுகின வண்டியோடதா?” என்று கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்வார்.

“முழுகியிருந்தா என்ன சார்? அதுக்கு நீச்சல் தெரிஞ்சிருக்கும். எடுத்துட்டுப் போங்க!”

எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சாப்பாட்டு மேசை உடனே பரிசோதனைக் கூடமாகிவிடும். பாட்டரியைத் தூக்கி வைத்து, சிவப்பு வயர், கறுப்பு வயர் இரண்டையும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்ப்பார். முள் சரியாக நின்றால் மீட்டர் நல்ல மீட்டர். தப்பாக நின்றால்? பாட்டரி சரியில்லை. வேறு பாட்டரி வைத்தும் தப்பா? வயர் சரியில்லை. வயரையும் மாற்றியாகிவிட்டதா? அப்போதுதான் ஆள்காட்டி விரலை வளைத்து, கண்ணாடியில் ‘டொக் டொக்’ என்று இரண்டு தட்டுவார். முள் திடுக்கிட்டு எங்கேயாவது போய் நிற்கும். அவருக்குப் பிடிக்காத இடம் என்றால் இன்னும் இரண்டு. பிடித்த இடத்துக்கு வந்ததும் தட்டுவதை நிறுத்திவிடுவார். இதற்குப் பெயர் டெஸ்ட்!

“வயரே மாட்டல, அதுக்குள்ள அஞ்சு காட்டுதே?” என்பார் மனைவி, சாப்பாட்டுத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

“ஆர்வக்கோளாறு. போகப் போகச் சரியாயிடும்.”

இப்படித் தேறிய ஒரு பெட்ரோல் மீட்டர் போன மாதம் அவருடைய காரிலேயே குடியேறியது. அந்த வாரம்தான், ஒரு வருஷமாக வேலைக்கு அலைந்த மகளுக்கு முதல் நேர்முகத் தேர்வு வந்தது. பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

“நான் பஸ்லயே போயிடறேன்பா.”

“அப்பா வண்டி இருக்கும்போது பஸ்ஸா?” சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் அவள் என்ன செய்வாள்? ஏறிக்கொண்டாள்.

“அப்பா, முள் கீழ கிடக்கு. பெட்ரோல் போட்டுடலாமா?”

“அது ஒட்டிக்கிட்டிருக்கும்மா.” டொக் டொக். முள் எழுந்து பாதி டாங்க்கில் நின்றது. “பாத்தியா!”

பூமியைத் தோண்டாமல், கப்பலில் ஏற்றாமல், இரண்டே தட்டில் பாதி டாங்க் பெட்ரோல்! பங்க்கைத் தாண்டியபோது சார் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேம்பாலத்தின் உச்சியில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சார் தட்டினார். முக்கால் டாங்க். மறுபடி தட்டினார். ஃபுல் டாங்க்! வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, பெட்ரோல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. இஸ்திரி போட்ட உடையோடு வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, கையில் ஒட்டிய கறையைத் துடைக்கவும் நேரமில்லாமல் மகள் ஓடினாள். போய்ச் சேரும்போது பத்தேகால். கதவைச் சாத்திவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் அழுது முடித்துவிட்டு வெளியே வந்தபோது, சார் காரிலிருந்து அந்த மீட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். “மீட்டர் கரெக்டாத்தாம்மா இருக்கு. டாங்க்லதான் ஏதோ…”

மகள் ஆள்காட்டி விரலை வளைத்தாள். அப்பாவின் நெற்றியில் டொக் டொக் என்று தட்டினாள்.

“என்னம்மா?”

“முள் ஒட்டிக்கிட்டிருக்குப்பா. அசையுதான்னு பாக்கறேன்.”

சாருக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுநாள் காலையில் அந்த அலுவலக வாசலில் போய் நின்று, “தப்பு என்னோடது சார், என் பொண்ணோடது இல்ல” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி, கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தேதி வாங்கி வந்தார். அன்றைக்கு அவள் பஸ்ஸில் போனாள். சாரும் அதே பஸ்ஸில்தான், நின்றுகொண்டே போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எடை பார்க்கும் மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டு, முகம் கோணி இறங்கி, செருப்பைக் கழற்றி, பர்ஸை எடுத்து வெளியே வைத்து, மூச்சையும் விட்டுவிட்டு மறுபடி ஏறினவர் யார்? அரைக் கிலோ குறைந்ததும் சந்தோஷமாக இறங்கிவிட்டீர்களே, மூன்றாவது தடவை ஏன் ஏறவில்லை?

எங்கே, நெற்றியைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்கள்.