சக்கரம் வைத்த ஸ்டூல்

சட்டென்று கோபம் வருகிறவர்கள் சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்காரக் கூடாது. இது எந்தப் பிசியோதெரபி புத்தகத்திலும் இல்லை. விருத்தாசலத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே கண்டுபிடித்தேன்.

வந்தவர் பீங்கான் சூளையில் சாமான் அடுக்குகிறவர். தோளில் அடிபட்டு, ஓய்வெடுத்து, வலியும் போய்விட்டது. கையில் பழைய பலம் இருக்கிறது என்று நான் சொன்னால்தான் மறுபடி வேலை என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். கூடவே வந்த மனைவி, என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார்.

கையைத் தூக்கச் சொன்னேன், மடக்கச் சொன்னேன், எல்லாம் சரி. பலம் பார்ப்பதுதான் பாக்கி. நான் அழுத்துவேன், அவர் எதிர்த்துத் தள்ள வேண்டும். (அவ்வளவுதான். இதில் என்ன கஷ்டம்?) நான் கை வைத்ததுமே அவர் கை தொப்பென்று கீழே போனது. மறுபடி சொன்னேன், மறுபடி போனது. ஒப்பிட்டுப் பார்க்க அடிபடாத கையைப் பிடித்தேன். அதுவும் போனது. அங்கேயாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இரண்டு கையிலும் பலமில்லை, சூளை வேலையை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் செத்துப்போனது. தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் வாயைத் திறந்தார்.

“காலையிலதான் கேஸ் சிலிண்டர தோள்ல தூக்கியாந்து வூட்டுல வச்சாருங்க. ஒரு பொம்பளப் புள்ளய எப்படித் தள்றதுன்னு கூச்சப்படறாரு.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கூச்சமாம்! கூச்சத்துக்காக ஒரு மனிதர் பிழைப்பையே விடுவாரா? இது புரியாமல் நான்தான் என்ன படித்துக் கிழித்தேன்? என் மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து அவர் மேலேயே காட்டினேன்.

“என்னை செவுருன்னு நெனச்சிக்குங்க. தள்ளுங்க.”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையாட்டினார். தள்ளினார்.

ஸ்டூல் என்னைச் சுமந்துகொண்டு பின்னால் பறந்தது. மறைப்புத் திரையைப் பிடுங்கிக்கொண்டு, காத்திருந்தவர்கள் நடுவே புகுந்து, அப்பாவின் முழங்காலில் இடித்து நின்றது. மகள் வேலை பார்க்கும் அழகைக் காண, சாப்பாட்டுக் கேரியரோடு கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். சாம்பார் முழுக்க அவர் வேட்டியில்.

தலையில் திரையோடு, உள்ளே கேட்கும்படி கத்தினேன். “நாளைக்கே வேலைக்குப் போங்க.”

போனார். அங்கே சொல்லியும் வைத்தார். அதற்கப்புறம் சூளையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் என் ஸ்டூலைப் பார்த்துவிட்டுத்தான் என்னையே பார்த்தார்கள்.

இன்றைக்கும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்.

“சக்கரம் இருக்குதான்னு பாத்துக்கம்மா.”

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் இப்போதெல்லாம் நின்றுகொண்டுதான் கோபப்படுகிறேன்.