மகள் அடித்த பந்தும் என் வெள்ளைக் கோட்டும்

தோற்கிற அணிக்கு ரசிகனாக இருப்பவனுக்கு எதையும் முழுதாகப் பார்க்கும் பழக்கம் போய்விடும். முக்கியமான நேரத்தில் ஒருவர் தேத்தண்ணி ஊற்றப் போவார், இன்னொருவர் சப்பாத்து நாடாவைக் கட்டுவார். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

என் மகள் தாரணி ஐரிஷ்காரரின் கேலிக் புட்போல் ஆடுகிறாள். (யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்து லண்டன் சவுத்தாலில் வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படி என்று கேட்காதீர்கள். பரதநாட்டியத்துக்கும் அனுப்பித்தான் பார்த்தோம்.) பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். உயரமான இரண்டு கம்பங்களுக்கு நடுவால், குறுக்குக் கம்பத்துக்கு மேலால் பந்து போனால் ஒரு புள்ளி. இந்தச் சின்ன விஷயத்தைத்தான் மகளின் அணியால் செய்ய முடியவில்லை. அவர்கள் அடித்த பந்துகள் புதர்ப் பற்றைக்குள் போயின, கார் தரிப்பிடத்துக்குப் போயின, ஒருமுறை குழந்தை வண்டிக்குள்ளும் விழுந்தது. (நல்ல காலம், குழந்தை தாயின் கையில் இருந்தது.) இரண்டு வருடமாக ஒரு வெற்றியும் இல்லை. நான் ஞாயிறுதோறும் மழையில் நனைந்து இதைப் பார்த்தேன், அதாவது கண்ணை மூடாத நேரங்களில்.

அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். இந்த ஒன்றையாவது வெல்ல வேண்டும் என்று தாரணி வேலை முடிந்து வந்து தினமும் பூங்காவில் தனியாக அடித்துப் பழகியிருந்தாள். மனைவி ஆர்ச்வே கோயில் முருகனுக்கு அர்ச்சனை செய்யப் போனாள். ஐயர் நட்சத்திரம் கேட்டாராம். அணியின் நட்சத்திரம் தெரியாததால் மகளுடையதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

மைதானத்துக்குப் போனால், கம்பத்தடியில் நடுவருக்கு உதவியாக நிற்க வேண்டியவர் வரவில்லை.

"அப்பா, பிளீஸ். யூ நோ த ரூல்ஸ்," என்றாள் தாரணி.

தெரியாமலா? இரண்டு வருடமாக வேலியோரம் நின்று எல்லா நடுவர்களுக்கும் நான்தானே பாடம் எடுத்தேன். ஒரு வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் கொடியும் தந்தார்கள். புள்ளி என்றால் கொடியைத் தூக்க வேண்டும். பந்து வெளியே போனால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக ஆட்ட வேண்டும். மற்றக் கம்பத்தில் எதிரணியின் ஆளாக ஓர் ஐரிஷ் கிழவர் நின்றார்.

"இஞ்சாருங்கோ, டொக்டர் மாதிரி இருக்கிறியள்," என்று வேலிக்கு அப்பால் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள் மனைவி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஆட்டம் முடியப்போகிறது. அதிசயமாக இரு பக்கமும் சமன். பந்து தாரணியின் கையில். நேரே என்னை நோக்கி ஓடி வந்தாள், காலை வீசினாள். நான் கண்ணை மூடிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கதோஷம். திறந்தபோது பந்து எனக்குப் பின்னால் புல்லில் உருண்டுகொண்டிருந்தது. மைதானமே என்னைப் பார்த்தது. நான் கிழவரைப் பார்த்தேன். நீயே சொல் என்பதுபோல் அவர் மரியாதையாகக் கையைக் காட்டினார்.

யோசித்தேன். இந்த அணி இதுவரை என்ன செய்திருக்கிறது? பற்றை, கார் தரிப்பிடம், குழந்தை வண்டி. இரண்டு கைகளையும் தூக்கிக் குறுக்காக ஆட்டினேன். மிக நேர்த்தியாக ஆட்டியதாக இன்றும் சொல்கிறார்கள்.

எதிரணி அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய் மற்ற முனையில் ஒரு புள்ளி அடித்தது. நடுவர் விசில் ஊதினார். வழக்கம்போல் தோற்றோம்.

கிழவர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். சொந்த மகளுக்குக்கூடச் சாதகம் பார்க்காத மனிதனைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. (சிரிப்பை அடக்கியதால் என்று பிறகுதான் விளங்கியது.)

காரில் ஏறியதும் மனைவி போனை நீட்டினாள். வீடியோவில், பந்து இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவால் அழகாகப் போகிறது. கீழே வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் கண்ணை இறுக்க மூடி, முருகா முருகா என்று வாயை அசைக்கிறார்.

"கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறதுக்கு உங்களுக்கு ஏனப்பா கோட்டும் கொடியும்?" என்றாள் மனைவி.

தாரணி கோபம் வந்தால் ஆங்கிலத்தில் ஏசுவாள். மனம் நொந்தால்தான் தமிழ் வரும். பின் சீட்டிலிருந்து தமிழில் கேட்டாள்:

"பாக்கேல்லை எண்டா பரவாயில்லை அப்பா. உள்ள போயிருக்கும் எண்டு ஏன் நினைக்கேல்லை?"

மிகவும் வெட்கமாக இருந்தது.

வீடியோ டொரொண்டோவுக்கும் பாரிசுக்கும் போனது. பாரிசில் இருக்கும் மச்சான் இப்போதும் போன் எடுத்தால், "அத்தான், கண் டெஸ்டுக்குப் போனியளோ?" என்றுதான் தொடங்குகிறான். தாரணி தன் அணிக்கு ஒரே ஒரு தமிழ் வசனம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவள் அடிக்கப் போகும்போதெல்லாம் அத்தனை ஐரிஷ் பெண்களும் வேலிப் பக்கம் திரும்பி, "அப்பா, கண்ணைத் திறவுங்கோ!" என்று கத்துகிறார்கள்.

போன ஞாயிறும் கத்தினார்கள். நான் கண்ணை அகலத் திறந்து, உள்ளேதான் போகும் என்று மனதார நம்பி, முதன்முறையாக முழுதாகப் பார்த்தேன். பந்து நேரே கார் தரிப்பிடத்துக்குப் போனது. தாரணி என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக ஆட்டினாள். நேர்த்தியாகத்தான் ஆட்டினாள், என் மகள்தானே.