வலது கை நகங்கள்

சேமியா டப்பாவின் மூடியைத் திறக்கப் போய், மெர்வினின் வலது கைக் கட்டைவிரல் நகம் பாதியாக ஒடிந்தது. மூடி திறக்கவில்லை.

“போச்சு! ஞாயித்துக்கெழமை ஆயர் வாரார். நகம் போச்சு!”

ஆன்மேரி வந்து ஒரு ஸ்பூன் முனையால் மூடியை நெம்பினாள். அது சமர்த்தாகத் திறந்துகொண்டது. “இதுக்கு எதுக்குங்க நகத்தக் குடுத்தீங்க?”

மெர்வின் வார நாட்களில் உசிலம்பட்டியில் ஒரு பள்ளி அலுவலக எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில், வண்டியூர்ப் பக்கம் உள்ள பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பவன். அவன் மனைவி ஆன்மேரிக்கு அதே குழுவில் கீபோர்டு. கம்பியை நகத்தால் மீட்டினால்தான் ஓசை சுத்தமாக வரும் என்பது மெர்வினின் கொள்கை. அதற்காக வலது கையில் மட்டும் நகம் வளர்த்திருந்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்காருவார்கள்.

இந்த ஞாயிறு மறைமாவட்டத் தலைவரான ஆயர் முன்னிலையில் நற்கருணைப் பாடலுக்கு முன்னிசை வாசிக்க வேண்டும். வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்த ஒரே ஆயர் அவர்தான். தினமும் வீட்டில் அதை வாசித்துப் பழகினான். அந்த நேரங்களில் ஆன்மேரி மிக்சியைப் போட்டுவிடுவாள்.

“நம்ம நாகஜோதி ஜெல்லுனு என்னமோ பூசுமே. அதப் போட்டா நகம் கெட்டியாகும்ல?” என்றான் மெர்வின், ஒடிந்த நகத்தைப் பார்த்தபடி.

“அது பொம்பளைக பார்லருங்க. ஆம்பளைய உள்ள விடாது.”

விட்டாள், பின்கதவு வழியாக. திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, ஒடிந்த நகத்துக்கு ஒட்டுப் போட்டு, ஐந்து விரலுக்கும் நிறமில்லாத ஜெல்லைப் பூசி, நீல வெளிச்சப் பெட்டிக்குள் கையை வைக்கச் சொன்னாள் நாகஜோதி.

“அண்ணே, நல்லாக் கேட்டுக்கங்க. இது நகத்துக்கு மேல போட்ட சட்டைதான். சொந்த நகம் நல்லாருந்தாத்தான் இது நிக்கும். நகக்கண்ணுல தெனமும் எண்ணெய் வைங்க. பாத்திரம் வெளக்குற சோப்புத் தண்ணி ஆகாது. ஓரம் தூக்குச்சுன்னா பிச்சுறாதீங்க, இங்க வாங்க. பிச்சா, உங்க நகமும் கூடவே உரிஞ்சு வந்துரும்.”

இவ்வளவு பேச்சில் மெர்வினின் மனதில் தங்கியது பாத்திரம் ஒன்றுதான். அன்றிலிருந்து பாத்திரம் விளக்குவதை விட்டான். துணி துவைப்பதையும், நாகஜோதி சொல்லாமலேயே, விட்டான். குளிக்கும்போதுகூட வலது கை ஆசீர்வாதம் கொடுப்பதுபோல் உயரத்திலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில், பழக்க தோஷத்தில், ஸ்டேப்ளர் பின் ஒன்றைக் கட்டைவிரலால் பிடுங்கினான். ஜெல்லின் ஓரம் தூக்கிக்கொண்டது. மறுபடியும் பின்கதவு வழியாகப் போக மானம் இடம் கொடுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் கை சும்மா இருக்கவில்லை. செக்கானூரணி வருவதற்குள் ஜெல் முழுதாக உரிந்து வந்தது, நகத்தின் மேல்பாதியையும் அழைத்துக்கொண்டு. மிச்சம் இருந்தது அப்பளத்தைவிட மெல்லியது.

உரிந்ததைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவன், வீட்டில் இருந்த செருப்பு ஒட்டும் பசையால் அதைத் திரும்ப ஒட்டினான். நகம் ஒட்டவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன.

“மேரி!”

அவள் வந்து பார்த்தாள். “செபமாலை புடிச்சாப்ல நல்லாத்தான இருக்கு. நாகஜோதிட்டப் போவமா?”

“வேணாம். நானே பாத்துக்குறேன்.”

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள். பெயிண்ட் கடைக்குப் போய்த் தின்னர் வாங்கி வந்து கையை முக்கினான். விரல்கள் பிரிந்தன. ஆனால் மற்ற நாலு விரல்களின் ஜெல்லும் வெந்த ஜவ்வரிசிபோல் கொழகொழத்தது. அதைப் பிளேடால் சுரண்டினான். ஐந்து நகமும் சிவந்து, மெலிந்து, எரிந்தன. அன்று ரசஞ்சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டான்.

ஆன்மேரி தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, ஒவ்வொரு நகக்கண்ணிலும் தடவினாள்.

“ஏங்க, பாதர்ட்ட கை முடியலனு சொல்லிருவோம். நான் கீபோர்டுல சமாளிச்சுக்குறேன்.”

“என்னது? ஆயர் வர்ற அன்னிக்கா? இம்புட்டு வருசத்துல என் கிதார் இல்லாம அந்தக் கோயில்ல ஒரு பாட்டு எந்திரிச்சிருக்கா?”

“கைய ஆட்டாதீங்க. எண்ணெய் சிந்துது.”

ஞாயிறு கோவில் நிரம்பி வழிந்தது. நற்கருணை நேரம் வந்தது. பாடகர் குழுத் தலைவர் மெர்வினைப் பார்த்துத் தலையசைத்தார். மெர்வின் கட்டைவிரலைக் கம்பியில் வைத்தான். நகம் பின்பக்கமாக மடங்கியது. உயிர் உச்சந்தலைக்குப் போய் வந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது. ஆயர் பார்க்கிறார், ஊர் பார்க்கிறது, எழுந்து ஓட வழியில்லை.

வேறு வழி தெரியாமல் கண்ணை மூடினான். கம்பிக்கு ஒரு விரற்கடை மேலே, காற்றில், விரல்களை அசைத்தான். கையும் களவுமாகப் பிடிபடக் காத்திருந்தான்.

முன்னிசை கோவிலை நிறைத்தது. கிதார் ஓசை, ஒரு பிசிறில்லாமல்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். விரல்கள் கம்பியைத் தொடவில்லை. இசை நிற்கவுமில்லை. “மாதாவே!” என்று உதடு தானாக முணுமுணுத்தது.

பூசை முடிந்ததும் ஆயர் அவன் வலது கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார். “கிதார் ரொம்ப அருமை தம்பி!” மெர்வினுக்குக் கண்ணீர் வந்தது. பாதி பக்தியில், பாதி நகத்தால்.

கூட்டம் கலைந்தபின் மைக்செட் லாசர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது மெர்வினுக்கு. அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

“லாசர் அண்ணே, வெளிய சொல்லிறாதீங்க. நான் இன்னிக்கு கம்பியத் தொடவே இல்ல. சத்தம் தானா வந்துச்சு. புதுமைண்ணே, சத்தியமா மாதா செஞ்ச புதுமை!”

லாசர் ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

“புதுமையெல்லாம் இல்ல தம்பி. கீபோர்டுல கிதார் சத்தமும் இருக்குல்ல? தங்கச்சி கலியாணமாகி வந்த நாள்லருந்து அதத்தான வாசிக்குது. உங்க கிதார் ஒயர நான் மைக்செட்ல சொருகுறதே இல்ல.”