இனிப்புநீர் வகுப்பில் ஒரு சுகதேகி

உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமல் ஐந்து மாதம் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வகுப்புக்குத் தவறாமல் போனவன், பேராக் மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (போனதோடு நிற்கவில்லை. முன்வரிசையில் வேறு உட்கார்ந்தேன்.)

எண்பதுகளின் தொடக்கம். பீடோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் சின்னக் கிராணி. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களின் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற உத்தியோகம். வயது இருபத்து நான்கு. புதன்கிழமைதோறும் அரசாங்க வேனில் லீலாவதி மிஸ்ஸி வருவார். (தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்.) தைப்பிங்காரர். அந்த ஊர் மழை பின்னாலேயே துரத்தி வருகிற மாதிரி எப்போதும் கையில் குடை. பாலர் பள்ளிக் கொட்டகையில் நோயாளிகளை உட்காரவைத்துப் பாடம் எடுப்பார்.

அதுவரை எங்கள் ஆட்களுக்குக் கிடைத்த வைத்தியமெல்லாம் "சீனி சாப்பிடாதே" என்ற ஒற்றை அதட்டல்தான். மிஸ்ஸி அதட்டமாட்டார். தட்டு நிறையச் சோறு கொண்டுவரச் சொல்லி, கரண்டியால் பாதியாகப் பிரித்து, "இது ஒங்களுக்கு, இது கோழிக்கு" என்பார். பால்மரக் காட்டில் வெறுங்காலோடு நடக்கிறவர்களின் பாதத்தைத் தன் கையில் ஏந்தி, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்ப்பார். பெரியவர்கள் வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார்கள்.

"இழுக்காதீங்கய்யா. கால் போச்சுன்னா அப்புறம் எத இழுப்பீங்க?"

கொட்டகையே சிரிக்கும். நான் என் காலைப் பார்த்துக்கொள்வேன். அது அநியாயத்துக்கு ஆரோக்கியமாக இருந்தது.

அந்த வருடம், இனிப்புநீர் நோயைப் பற்றி நோயாளிகளுக்குச் சிறப்பாகக் கற்றுக்கொடுக்கும் மருத்துவ ஊழியர்களைப் பாராட்டி ஈப்போவில் விருது விழா நடந்தது. மிஸ்ஸிக்கும் ஒரு விருது. விருது வாங்கும் ஒவ்வொருவரிடமும் பாடம் கேட்ட நோயாளி ஒருவர் மேடையில் இரண்டு நிமிடம் பேசவேண்டும். மிஸ்ஸி தேர்ந்தெடுத்தது, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் முனியாண்டி அண்ணனை.

"அண்ணன யாரு கூட்டிட்டு வாரது?"

கேள்வி முடிவதற்குள் என் கை மேலே போய்விட்டது. "நான் இருக்கேன் மிஸ்ஸி."

"நேரத்தோட வந்துருங்க. டத்தோவெல்லாம் வாராங்க." (டத்தோ என்றால் அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர்.)

அன்று காலை, பெரிய கிராணியிடம் இரவல் வாங்கிய டைக்கு முடிச்சுப் போட எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. (போட்டபிறகும் அது என்னைத் தூக்கில் போட்ட மாதிரிதான் இருந்தது.) முனியாண்டி அண்ணன் ஆறரைக்கே வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றிருந்தார்.

"தம்பி, மாத்திர போட்டுட்டேன். ஒரு ரோட்டி சானாய் பசியாறிட்டுப் போலாம்லா."

"நேரமில்லண்ணே. அங்க பெரிய விருந்தே இருக்கு. போயி பசியாறிக்கலாம்."

அவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். கம்பாரில் அவர் என் தோளைத் தட்டினார். "கை நடுங்குது தம்பி."

"மோட்டார் ஆட்டம்ணே."

கோப்பெங்கில், "வேர்த்துக் கொட்டுதுலா" என்றார்.

"வெயில்ணே." (வானம் கறுத்துக் கிடந்தது.)

மண்டபத்து வாசலில், "கண்ணு மங்குது" என்றார்.

"மேடைப் பயம்ணே. எல்லாருக்கும் வர்றதுதான்" என்று, கண்ணாடிக் கதவில் டையைச் சரிசெய்துகொண்டே தைரியம் சொன்னேன்.

மிஸ்ஸி வெள்ளைச் சீருடையில் மேடையேறிக் கேடயம் வாங்கினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. அடுத்து முனியாண்டி அண்ணன் மைக்கைப் பிடித்தார். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். பிறகு டத்தோவை முறைத்துப் பார்த்து, "பெரட்டுக்கு ஏன்டா லேட்டு?" என்றார்.

மண்டபம் அதிர்ந்து சிரித்தது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். (அந்தக் கைதட்டலுக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.) தட்டி முடிப்பதற்குள் அண்ணனின் முழங்கால் மடிந்தது.

மிஸ்ஸி கேடயத்தைத் தரையில் போட்டார். விருந்தினர் மேசையிலிருந்த சிவப்புச் சிராப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, அண்ணனின் தலையை நிமிர்த்தி, "முழுங்குங்கண்ணே, மெதுவா, இன்னும் கொஞ்சம்" என்று ஊட்டினார். முன்வரிசை அம்மாள் ஒருவர், "ஐயையோ, சீனிக்காரருக்குச் சிராப்பா!" என்று அலறினார். அந்த வருடத்தின் சிறந்த இனிப்புநீர் ஆசிரியை, விருது வாங்கிய மறுநிமிடம், அத்தனை டாக்டர்களுக்கும் முன்னால் தன் நோயாளிக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் தெளிந்து உட்கார்ந்தார். யார் தடுத்தும் கேட்காமல் மறுபடி மைக்கை வாங்கினார்.

"இந்த மிஸ்ஸி பேச்சக் கேட்டேன், உசுரோட இருக்கேன். இந்தத் தம்பி பேச்சக் கேட்டேன், விழுந்துட்டேன். அவ்வளவுதான்."

இப்போது டாக்டர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் உட்கார்ந்துகொண்டேன்.

விருந்தின்போது மிஸ்ஸி என்னிடம் வந்தார். கோபமே இல்லாத குரல்தான்; அதுதான் வலித்தது.

"மாத்திர போட்டா கட்டாயம் சாப்பிடணும். நடுங்குச்சு, வேர்த்துச்சுன்னா ஒடனே சீனித் தண்ணி. மூணு வாரம் இத மட்டும்தான் சொன்னேன். முன்னால உக்காந்திருந்தீங்களே, என்னதான் கேட்டீங்க?"

குரலைக் கேட்டேன். அதைச் சொல்ல முடியுமா? கையில் வடையோடு நின்றேன். மிஸ்ஸி ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு அண்ணனின் தட்டில் சோறு அதிகமா என்று பார்க்கப் போய்விட்டார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று ஈப்போவிலிருந்து பீடோர் வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். பின்னால் அண்ணன் நிம்மதியாக ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டே மாதத்தில் மிஸ்ஸிக்கு, நாட்டின் மறுகரையிலிருக்கிற கோத்தா பாருவுக்கு மாற்றல். விருது தந்த பெரிய பதவி. மற்ற தாதிகளுக்குப் பயிற்சி கொடுப்பது. கடைசி நாளில் வகுப்பின் பதிவேட்டை என்னிடம் கொடுத்து, "புது மிஸ்ஸி வர்ற வரைக்கும் நீங்க பாத்துக்குங்க" என்றார். வேன் மறைந்தபிறகு திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பேருக்கும் எதிரே அவரவர் சீனி அளவு. முதல் பக்கத்துக் கடைசியில் என் பேர். எதிரே இப்படி எழுதியிருந்தார்: "சீனி இல்லை. இருந்தாலும் வரட்டும்."

நான் கோத்தா பாருவுக்குப் போகவில்லை. போயிருக்கலாம்.

தோட்டம் கைமாறியதும் ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்குக் குடிவந்தேன். என் கல்யாணப் பந்தியிலேயே முனியாண்டி அண்ணன் முழுக் கதையையும் என் மனைவி கமலாவுக்குச் சொல்லிவிட்டார். புது மிஸ்ஸியிடம் கொடுக்காமல் நான் வைத்துக்கொண்ட பதிவேட்டைக் கண்டுபிடித்தது கமலாதான். அன்றிலிருந்து, நான் அடுப்படியை எட்டிப் பார்த்தால் போதும், பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள்: "சீனி இல்ல, இருந்தாலும் வரட்டும்லா!"

எல்லாரும் சிரிப்போம். ஆனால் வருடாவருடம் தீபாவளிக்குப் பழைய தாள்களைக் கழித்துக் கட்டும்போது, அந்த ஏட்டை மட்டும் கமலா தூசி தட்டித் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அந்தக் கையெழுத்து எனக்கு மனப்பாடம். 'வரட்டும்' என்பதன் கடைசிப் புள்ளி மட்டும் கொஞ்சம் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும்.