பக்கவாத்தியக்காரி அண்ணனுக்கு எழுதுவது

பெருமதிப்பிற்கும் சிறிது அச்சத்திற்கும் உரிய மூத்த சகோதரர் அவர்களுக்கு, தங்கை பணிவன்புடன் வரைவது. இங்கு யாவரும் நலம். அங்கு தங்கள் மூட்டுவலியும் என்மீதான கோபமும் ஒருசேரத் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. தங்கள் மருமகளான என் மகளின் கல்லூரி விவகாரத்தில் தங்கள் மேலான தீர்ப்பை வேண்டியே இம்மடல். பெயர்பெற்ற பெரிய இசைக் கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்தது. உதவித்தொகை பற்றி மூச்சு விடவில்லை. மலையடிவாரத்துச் சிறிய கல்லூரியோ படிப்பு, விடுதி அனைத்தும் இலவசம் என்றெழுதி, ஒரு நிபந்தனையும் வைத்தது: விண்ணப்பத்துடன் அவள் அனுப்பிய ஒலிப்பதிவில் அவளுடைய கிளாரினெட்டுக்குத் தாளம் வாசித்த கலைஞரும் நேர்காணலுக்கு வர வேண்டுமாம்.

அண்ணா, எங்கள் வீட்டில் தாளம் வாசிப்பவர் எவருமில்லை. என் கணவர் கதவைத் தட்டினால்கூட அதில் ஓர் ஒழுங்கு இராது. நடந்தது யாதெனில், துணிக்கட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால் குழந்தை என் தையலறையில் பதிவு செய்தாள். "அம்மா, கொஞ்ச நேரம் மிஷினை நிறுத்தேன்" என்றாள். "நீ உன் வேலையைப் பாரு, நான் என் வேலையைப் பாக்கறேன்" என்றேன். முக்கியப் பிரமுகர் ஒருவரின் உடை சீக்கிரம் முடிந்தாக வேண்டுமென்று கட்டளை. அவள் விரைந்தால் என் காலும் விரைந்தது, அவள் இழுத்தால் நானும் இழுத்தேன். சிறு வயது முதல் அந்த மிஷினருகிலேயே பழகியவள் அல்லவா. கல்லூரியார் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "இறுதிப் பகுதியில் தாளக்கலைஞர் திடீரெனக் கடைப்பிடித்த மௌனம் மேதைமையின் அடையாளம்."

"போச்சு! உண்மையைச் சொன்னா ஸ்காலர்ஷிப் போச்சு" என்று குழந்தை அழுதாள். "சொல்லாம விட்டா?" என்றார் அவள் அப்பா. "அப்பவும் போச்சு! யாரைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது?"

நேர்காணல் கணினித் திரையில். நடுவில் பெரிய மீசைக்காரர், அவரருகில் ஒரு பேராசிரியை. "தாளக்காரர் எங்கம்மா?" என்றார் மீசை.

"அடியேன்தான்" என்று நகர்ந்து அமர்ந்தேன். "காலால் மிதித்துக் கையால் நடத்தும் வாத்தியம், ஐயா. குரு கிடையாது, சுயமாகக் கற்றது." கேமராவைத் திருப்பச் சொன்னேன்.

"தையல் மிஷினா?"

"எண்ணெய் போட்ட தையல் மிஷின், ஐயா."

பேராசிரியை கண்ணீர் வரச் சிரித்து, "அந்த மௌனத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றார். அது கேட்டவுடன் வராது, தானாக அமைய வேண்டும் என்று தெரிவித்துக்கொண்டேன்.

"சரி, பொண்ணு தனியா வாசிக்கட்டும்" என்றார் மீசை. குழந்தை என் காலைப் பார்த்தாள். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். தொடக்கம் சற்றுத் தடுமாறியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். இத்தனை ஆண்டுகளில் மிஷின் சத்தமில்லாமல் அவள் வாசித்து நான் கேட்டதேயில்லை, அண்ணா. இவ்வளவு நன்றாகவா வாசிக்கிறாள்? யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

நிபந்தனையின்றி உதவித்தொகை உறுதியாயிற்று. ஆயினும் தாங்கள், "பெரிய காலேஜ்லயே சேரு, ஆபீஸ்ல சொல்லிக்கிற மாதிரி இருக்கணும்" எனத் தொலைபேசியில் பணித்தீர்கள். தங்கள் பணிநிறைவு விழாவில் அதை அறிவிக்கும் ஆவலையும் அறிவேன். தங்கள் சொல்லை மீறி இக்குடும்பத்தில் ஒரு துரும்பும் அசையாது. தீர்ப்புக்குக் காத்திருக்கிறோம்.

அண்ணியாருக்கு என் வணக்கமும், தங்கள் முழங்கால்களுக்கு என் பிரார்த்தனையும் உரித்தாகுக.

இங்ஙனம்,
தங்கள் சொல் தட்டாத தங்கை

பி.கு: சிறிய கல்லூரிக்கு ஒப்புதல் முந்தாநாளே போய்விட்டது. இம்மடல் தங்கள் கைக்கு வரும்போது குழந்தையுடன் ரயிலில் இருப்போம். விழாவுக்கென்று தாங்கள் தைக்கக் கொடுத்த கால்சட்டை இத்துடன் வருகிறது. மேதைமை மிக்க அந்த மௌனம், அதன் இரு கால்களையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிட்டேன் என்பதை நான் கண்டுகொண்ட தருணம். மருமகளுக்குக் கல்லூரி வாங்கித் தந்த தையல். பிரிக்க மனம் வரவில்லை.