நாங்களே எடுத்த நிறுத்தம்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். அக்காவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். எங்கள் பஸ் கம்பெனியில்தான் எதுவும் நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை.

தலைமைக் குழுவில் என்னைச் சேர்த்த அன்று நீங்கள் வாழ்த்தினீர்கள். அந்த வாழ்த்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வழித்தடம் மாறுகிறது, டிக்கெட் இயந்திரம் மாறுகிறது, மாற்றங்களைக் கவனிக்க வந்த மேலாளரே இரண்டு முறை மாறிவிட்டார். இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொள்வது என்று நாங்கள் ஆறு பேரும் கூடிக் கூடிப் பேசியதில், அறைக்குள் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது, பயணிகளோடு நின்று பார்ப்போம் என்று முதலாளி சொல்ல, செவ்வாய்க்கிழமை காலை மார்க்கெட் முனையில் போய் நின்றோம். எங்கள் பஸ் வந்தது. கை காட்டினோம். டிரைவரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார். பக்கத்துப் பழக்கடை அம்மா, "இங்க நிக்காதுங்க. போன வாரமே ஸ்டாப்பை எடுத்துட்டாங்க. எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலையோ!" என்றார். அந்தப் புண்ணியவான்கள் ஆறு பேரும் அவர் கடை நிழலில்தான் ஒண்டிக்கொண்டிருந்தோம். எடுத்தது நாங்கள்தான், ஒருவருக்கும் நினைவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். டிரைவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி முதலாளி உத்தரவு. கையெழுத்து நான் போட வேண்டுமாம். ஆளைக் கூப்பிட்டேன். "சார், போன வாரம் அங்க நிறுத்தினதுக்கு மெமோ. இப்ப நிறுத்தாததுக்கு வேலையே போகுது. இனிமே நிறுத்தவும் வேணாம், போகவும் வேணாம், மெதுவா உருட்டிக்கிட்டே இருக்கட்டுமா?" எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. மூன்று பிள்ளைகள், அத்தான். முதலாளியிடம் போய், "நிறுத்தத்தை எடுத்தது நாமதானே சார்?" என்றேன். "அது போன வாரத்து நாம" என்கிறார்!

இதுக்கு மேல என்னால ஆகாது அத்தான். கையெழுத்துப் போடவே மாட்டேன். நாளைக்கே ராஜினாமா கொடுத்துட்டு வந்துடறேன். உங்க மரக்கடையில எனக்கொரு நாற்காலி போட்டு வையுங்க. மரம் வச்ச இடத்துல வச்சபடி கிடக்குமே, அது போதும்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும்.

உங்கள் மைத்துனன்

பி.கு.: நேற்று இதைத் தபாலில் போட மறந்தது நல்லதாயிற்று. நாற்காலி வேண்டாம். ராஜினாமாவோடு போனேன். ஆட்களைச் சேர்ப்பது, நீக்குவது, விடுவிப்பது எல்லாம் பார்க்கும் பிரிவையே இன்று காலை கலைத்துவிட்டார்களாம். இனி யாரையும் நீக்கவும் முடியாது, யாரும் விலகவும் முடியாது. டிரைவர் வழக்கம்போல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் கூட்டத்துக்குக் கிளம்புகிறேன். அந்தப் பிரிவை மறுபடி தொடங்கலாம் என்று எவராவது வாயெடுத்தால், கூடாது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.