கோப்புக்கு இனிஷியல்

"இது இன்னா வகை ஃபைலுனு கேக்குதுண்ணே. வகைக்கு ஒரு பேரு போட்டாத்தான் உள்ள வுடுமாம்," என்றாள் ஜெபசெல்வி.

மணி நாலே கால். லைட்ஹவுஸ் குப்பம் மீனவர் சங்கத்தின் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் அவள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். யாருக்கு என்றைக்கு எந்த இடத்தில் வலை என்று சொல்லும் பாடுப் பட்டியலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் நாளை ஒரு படகும் ஏரியில் இறங்கக் கூடாதென்று மீன்வளத் துறையின் உத்தரவு. இருபது நாள் காத்துக் கிடந்த அவள் கணவன் ஜேம்ஸுக்கு நாளைக்குத்தான் முறை.

மீஞ்சூரில் கம்ப்யூட்டர் படித்த தைரியத்தில் 'பாடு+எக்ஸ்எம்எல்' என்று தட்டினாள்.

சங்கத் தலைவர் ஞானதாஸ் பதறிப்போனார். "எக்ஸ்எம்எல்லா? அது யாரும்மா?"

"அது ஒரு பொது முறைண்ணே. அதுலேர்ந்துதான் நம்ம ஃபைல் வந்துச்சு."

"அப்ப அது நைனா மாதிரி. நைனா பேரு இனிஷியலா முன்னாடிதான வரணும்? பின்னாடி போட்டா ஊரே சிரிக்கும்!"

வாதாட நேரமில்லை. 'எக்ஸ்எம்எல்.பாடு' என்று மாற்றினாள்.

ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த பக்கத்து ஊர் பசியாவரத்தின் தலைவர் சம்பந்தம் தம்ளரை நங்கென்று வைத்தார். "நைனா பேரு கீது, ஊரு பேரு எங்க? எங்க பட்டியலும் இதுலதான கீது?"

பசியாவரத்தைச் சேர்த்தாள். ஞானதாஸுக்கு மூக்கு சிவந்தது. குப்பத்தையும் சேர்த்தாள்.

"எவன் ஊரு மொதல்ல வருதோ, அவனுக்குத்தான்யா மொதல் பாடு! எங்க ஊர முன்னாடி போடு!" என்றார் சம்பந்தம்.

ஜெபசெல்விக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு ஃபைலின் பெயருக்கு இத்தனை அர்த்தமா?

"பாடு பிரிக்கறப்ப போடற மாதிரி சீட்டு குலுக்கிடலாம்ணே," என்று கெஞ்சினாள். சீட்டில் எந்த ஊரை முதலில் எழுதுவது என்று அடுத்த சண்டை தொடங்கியது. கைகள் சட்டைக் காலர்களுக்குப் போயின. மணி நாலு ஐம்பத்தெட்டு.

"போங்கய்யா வேலையப் பாத்துக்கினு!"

கத்தியவள், கத்தியதையே பெயர்க் கட்டத்தில் தட்டி அனுப்பிவிட்டாள். பச்சை டிக் விழுந்தது. அதன்பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

ஐந்தே காலுக்குப் போன் அடித்தது. துறை அலுவலகத்திலிருந்து கலைவாணி மேடம். சங்கத்து வேலை போச்சு என்றே முடிவுகட்டினாள்.

"பட்டியல் சேர்ந்துடுச்சும்மா. நாளைக்கு படகு போகலாம்."

"மேடம், அந்தப் பேரு..."

"அதுக்குத்தாம்மா கூப்பிட்டேன். அந்தக் கட்டத்துல என்ன போடறதுனு எங்களுக்கே தெரியல. மொதல்ல வர்ற பேரையே வெச்சுடலாம்னு காத்துக்கினு இருந்தோம். நாளையிலேர்ந்து மாநிலத்துல இருக்கற எல்லா சங்கமும் எங்களுக்கு 'போங்கய்யா வேலையப் பாத்துக்கினு'னு போட்டுத்தான் அனுப்பணும்னு டைரக்டர் கையெழுத்தே போட்டுட்டாரு."